வாசலில் ஒரு மூச்சு

பேச்சியம்மாள் மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து சேலைத் தலைப்பில் முடிந்து எடுத்துவந்த கரிசல் மண் அது. பித்தளைத் தம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஆள்காட்டி விரலால் கலக்கி, கட்டி கரைந்துவிட்டதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பிறகு பாலாடையில் மொண்டு தம்பியின் வாயோரம் கொண்டுபோனாள்.

"எய்யா பரமசிவம், நம்ம ஊரு மண்ணுய்யா. குடிச்சிட்டு நிம்மதியாப் போ."

பாயில் கிடந்த பரமசிவத்தின் உதடு லேசாகப் பிரிந்தது. கறுப்புத் தண்ணீர் உள்ளே போனது. தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது. அதோடு சரி. மூச்சு பழையபடி இழுத்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தியது முந்தாநாள். டாக்டர் நல்ல மனுஷர். அவன் பெண்டாட்டி தனபாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் மொத்தமும் கெட்டுவிட்டதம்மா, இங்கே கிடப்பதைவிட உங்கள் மத்தியில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். குடித்த காலமெல்லாம் வாயைத் திறக்காத ஈரல், குடியை விட்டு நாலு வருஷம் போன பிறகு பழி தீர்க்க வந்திருந்தது. நியாயம் கேட்க அதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

உயிர் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஆசை பாக்கி இருக்கிறது என்று அவர்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். பிள்ளை மேல் ஆசை என்றால் பிள்ளை கையால் பால் ஊற்றவேண்டும். பொன் மேல் என்றால் பொன்னை உரசி ஊற்றவேண்டும். மண் மேல் என்றால் மண். தம்பிக்கு முடியவில்லை என்று தந்தி கிடைத்ததும் மண்ணோடு கிளம்பி வந்த பேச்சியம்மாள் ஒன்றையும் விடவில்லை. மகள் கோமதி நேற்றே பால் ஊற்றிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். தனபாக்கியம் தன் தாலிக்கொடியில் கிடந்த பொன்குண்டைக் கல்லில் உரசிக் கொடுத்தாள். அவளும் பால் ஊற்றினாள். அவள் ஊற்றும்போது அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பரமசிவம் விழுங்கினான், இருந்தான்.

கட்டின பெண்டாட்டி கையால் வாங்கியும் போகவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காதது அவளுக்கு இன்னும் சுருக்கென்றது.

பேச்சியம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள். விரலில் ஒட்டிய மண்ணைச் சேலையில் துடைத்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்லா."

தனபாக்கியம் விளக்குத் திரியைத் தூண்டினாள்.

"ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலையிலயே அந்தக் குஞ்சிதபாதத்த அனுப்பிட்டேன்."

"எங்க அனுப்புனீங்க மதினி?"

"கடைக்கு."

தனபாக்கியம் எழுந்தாள். போய் வாசல் நிலையில் நின்றாள். இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். அந்த நிலையில் அவள் நிற்பது அந்தத் தெருவுக்குப் புதிதல்ல.

அவளுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். ஊரறிந்த சக்களத்திதான், சாராயம் என்று பேர். பெண்ணாகப் பிறந்தவளாக இருந்திருந்தால் தேடிப் போய் மயிரைப் பிடித்து இழுத்து இரண்டு அறை அறைந்துவிட்டு வந்திருப்பாள் தனபாக்கியம். அந்தத் தைரியம் அவளுக்கு உண்டு. இவளுக்கோ மயிரும் கிடையாது, முகமும் கிடையாது. முதலில் முந்திரிக்காட்டுக்குள்ளே பானையில் இருந்தாள். கொஞ்ச நாள் புதுச்சேரி பஸ்ஸில் வந்துபோனாள். எங்கே இருந்தாலும் ஷிப்டு முடிந்த பரமசிவத்துக்கு வழி தெரிந்திருந்தது.

கல்யாணமாகி இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் அவன் நிலக்கரி மைன்ஸில் பெல்ட் செக்ஷனில் பெர்மனென்ட் ஆகியிருந்தான். கரி ஏற்றி ஓடுகிற பெல்ட் ஓரத்திலேயே நாளெல்லாம் நிற்கிற வேலை. சாயங்காலம் வந்தால் காதில் அந்த இரைச்சல் நிற்க மாட்டேன் என்கிறது, ஒரு மடக்கு போட்டால்தான் அடங்குகிறது என்றான். அவளும் நம்பினாள். இரைச்சல் அடங்கிற்று, மடக்குதான் அடங்கவில்லை.

தனபாக்கியத்துக்கு எரிச்சல் அவன் குடித்ததில் மட்டும் இல்லை. குடித்தால் அவன் சிரித்தான். அதுதான் அவளை அறுத்தது. கோமதியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பிளாக்கைச் சுற்றி வருவான். ஊர்க்கதை சொல்லுவான், பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவான். அப்புறம் வாந்தி எடுப்பான், தட்டை வீசுவான், அது வேறு. ஆனால் அந்தச் சிரிப்பை அவள் ஒரு நாளும் அவனிடமிருந்து வாங்கினதில்லை. அவள் சமைத்துப் போட்டதற்கும், துவைத்துப் போட்டதற்கும், பிள்ளை பெற்றுக் கொடுத்ததற்கும் வராத சிரிப்பு, அந்த மூதேவியோடு அரைமணி இருந்துவிட்டு வந்தால் வந்தது.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். கோர்ட்டுக்குப் போக முடியாத வழக்கைச் சாமியிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் சாமி பார்த்துக்கொள்ளும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. எதிர்வீட்டு ருக்குமணி சொல்லித்தான் தனபாக்கியம் போனாள். எழுதுகிறவர் எதிரி யார் என்று கேட்டார்.

"எம் புருஷன எங்கிட்டேருந்து பிரிச்சவ."

"பேரு?"

"சாராயம்."

அவர் பேனாவை நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, அப்படியே எழுதினார்.

சாமியும் விசாரித்தது. ஒரு வருஷம் போல அவன் தொடாமல் இருந்தான். அந்த நேரம் பார்த்து சர்க்கார் மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கடையைத் திறந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது குடிகாரர்களுக்கு. அதுவரை காட்டுக்குள் ஒளிந்திருந்தவள் ரோட்டோரத்தில் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பரமசிவம் முந்தினதைவிட மோசமாக விழுந்தான். வேலைக்குப் போகிற நாள் குறைந்தது. ஒரு நாள் பெல்ட் ஓரத்திலேயே ரத்தமாகக் கக்கி விழுந்தவனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கையும் காலும் உதறி, சுவரில் பூரான் ஓடுகிறது என்று கத்தி, கட்டிலோடு சேர்த்துக் கட்டும்படி ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனபாக்கியத்தை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்போதுகூட அவன் கூப்பிட்டது அவளைத்தான், சக்களத்தியைத்தான்.

தேறி வீட்டுக்கு வந்து, மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், தனபாக்கியம் வாசல் நிலையில் நின்றுகொண்டாள். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் படி ஏறியவனை உள்ளே விடவில்லை.

"ஊதுங்க."

"என்னது?"

"வாயத் தொறந்து ஊதுங்க. நான் மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன்."

அவன் தெருவை ஒரு பார்வை பார்த்தான். கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தான். குனிந்து, அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். பீடி, கொட்டைப்பாக்கு, கரிப்புழுதி, பசித்த வயிறு. வேறு ஒன்றும் இல்லை.

"சரி" என்று சொல்லி ஒதுங்கி வழி விட்டாள்.

அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. எந்த ஷிப்டு என்றாலும் ஊதாமல் உள்ளே வரக் கூடாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அதே பேச்சு. ருக்குமணிகூட, "போலீஸ் ஸ்டேஷன்ல வச்சிக்கினு இருக்கறவங்களகூட இப்படிப் பாக்க மாட்டாங்க தனபாக்கியம்" என்று சிரித்தாள். பரமசிவம் வெட்கப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒரே ஒரு தடவை, வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்துக்குப் போனவன், வந்து படியேறி நின்று வாயைத் திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கதவைச் சாத்தினாள். வெளியிலேயே சைக்கிள் பக்கத்தில் கிடந்தான். காலையில் எழுந்து, குழாயில் வாய் கொப்பளித்து, மறுபடி வந்து நிலைக்கு எதிரே நின்று ஊதினான். அதில் வாடை இருந்தது. அவள் விடவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து திரும்ப ஊதினான். சாண் ஏறி முழம் சறுக்கினவன், அப்புறம் சறுக்கவே இல்லை.

ஆனால் சிரிக்கவும் இல்லை. வீட்டுப் பின்னால் கத்தரிச்செடி போட்டான். அதற்குத் தண்ணீர் ஊற்றினான். கோமதியின் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டான். கேட்டதற்குப் பதில் சொன்னான். சக்களத்தியிடமிருந்து ஆட்டை மட்டும் மீட்டுக்கொண்டு வந்த மாதிரி, கழுத்து மணியை அவள் அங்கேயே கழற்றி வைத்துக்கொண்ட மாதிரி தனபாக்கியத்துக்குத் தோன்றும். ஜெயித்தவளுக்கு வரவேண்டிய சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. வழக்கு முடிந்தால் கோயிலுக்குப் போய் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது முறை. அவள் போகவில்லை. வாங்கின மறுநாளே எதிரி வந்து வாசலில் நிற்பாள் என்று பயந்தாள்.

இன்றைக்கு அவளே நேரில் வரப் போகிறாள். அதுவும் விருந்தாளியாக, ஆளனுப்பிக் கூப்பிட்டு.

"ஏட்டி, நெலவாசல மறிச்சிக்கிட்டு நிக்காத" என்றாள் உள்ளேயிருந்து பேச்சியம்மாள். "உசிரு போற வழி அது."

"போற வழிய மறிக்கல மதினி. வர்ற வழியத்தான் மறிக்கிறேன்."

"அவன் படுற பாட்டப் பாக்க ஒனக்குக் கண்ணு இல்லையா? ஒரு சொட்டு நாக்குல வச்சா நிம்மதியாப் போயிருவான். எங்க அய்யா போவும்போது கள்ளு ஊத்தித்தான் அனுப்புனோம். ஊத்துன கையோட போனாரு."

"உங்க அய்யா சாகுற வரைக்கும் குடிச்சாரு. இவரு விட்டுட்டாரு."

"வாயி விட்டுச்சு. மனசு விட்டுச்சான்னு யாருக்குத் தெரியும்?"

தனபாக்கியத்துக்குக் காது சூடாயிற்று. அதைத்தான் அவளும் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊற்றி, அவன் போய்விட்டால்? அப்படியானால் அவன் இத்தனை நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது யாருக்காக என்று ஊருக்கே தெரிந்துபோகும். கருமாதிக்கு வருகிறவர்கள் எல்லாம் பேசுவார்கள். பெண்டாட்டி கையால் பால் ஊற்றியும் போகாதவன், சாராயம் பட்டதும் போனான் என்பார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அவளுக்கே தெரிந்துவிடுமே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

குஞ்சிதபாதம் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வந்தான். பரமசிவத்தோடு அதே பெல்ட் செக்ஷன். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். அந்தக் காலத்தில் முந்திரிக்காட்டுக்கு வழி காட்டினவனும் அவன்தான், ரத்தம் கக்கி விழுந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஓடினவனும் அவன்தான். அதனால் தனபாக்கியத்தால் அவனை முழுதாகத் திட்டவும் முடிந்ததில்லை, முழுதாகச் சேர்க்கவும் முடிந்ததில்லை. ஷிப்டுக்குக் கொண்டுபோகிற துணிப்பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். பைக்குள் என்ன என்று கேட்கவேண்டியதில்லை.

"அங்கேயே நில்லுங்க" என்றாள்.

அவன் கீழ்ப்படியில் நின்றான். "அக்கா சொன்னாங்கன்னு போனங்க அண்ணி. எனக்கா வாங்கியாரணும்னு இல்ல."

"தெரியும். திரும்பக் கொண்டு போங்க."

குஞ்சிதபாதம் தலையைச் சொறிந்தான். போகவும் இல்லை, வரவும் இல்லை.

"நான் ஒண்ணு சொல்றங்க. கோவிச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அண்ணன் அத்த மறக்கலிங்க."

அவள் கை நிலையை இறுகப் பிடித்தது.

"தொடல. அந்தப் பங்குனி உத்திரத்துக்கு அப்பறம் சாமி சத்தியமா ஒரு சொட்டு தொடல. ஆனா ஷிப்டு வுட்டு வரும்போது நான் கடைக்குள்ள போவேன். அண்ணன் வெளிய ரோட்டு மேல ரெண்டு சைக்கிளையும் புடிச்சிக்கினு நிப்பாரு. நான் வந்ததும், 'டேய் குஞ்சிதம், ஒரு வாட்டி ஊதுடா'ம்பாரு. நான் ஊதுவேன். கண்ண மூடிக்கினு மோந்துப்பாரு. அவ்ளோதாங்க. அப்பறம் சைக்கிள்ல ஏறி நேரா வூட்டுக்கு வந்துடுவாரு."

"தெனமுமா?"

"தெனமும்னு இல்லிங்க. நெறைய நாளு."

தனபாக்கியத்துக்குத் தெரு கொஞ்சம் ஆடிற்று. கண்ணை மூடிக்கொண்டு மோந்தாரா? அவள் எப்படி மோந்தாளோ அப்படியே. அவள் அவனிடம் தேடினதை அவன் இன்னொருத்தனிடம் போய்த் தேடியிருக்கிறான். வீட்டுக்குள் வரும் முன் அந்தச் சக்களத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு, கையும் காலும் படாமல் பார்த்துவிட்டு, வாயைத் துடைக்கவேண்டிய அவசியம்கூட இல்லாமல் வந்து, இவள் முகத்தில் ஊதியிருக்கிறான். இவளும் சரி, சரி என்று வழி விட்டிருக்கிறாள். நாலு வருஷமாகக் காவல் இருந்தவளின் மூக்கு எதற்கு ஆயிற்று?

குஞ்சிதபாதம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். "நான்கூட கேட்டங்க, எதுக்கு இந்த வேதனன்னு. அதுக்கு அண்ணன் சொன்னாரு..."

"போதும். அதக் குடுங்க."

"அண்ணி?"

"பையக் குடுங்க."

வாங்கினாள். பாட்டிலை வெளியே எடுத்தாள். கையில் அவள் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை. தண்ணீர் மாதிரி இருந்தது, இவ்வளவுதானா என்றிருந்தது. உள்ளே போய்ப் பாய் ஓரம் உட்கார்ந்தாள். கோமதிக்குக் குழந்தையில் பால் புகட்டிய பாலாடைதான் அது. அதைச் சேலையில் துடைத்தாள்.

பேச்சியம்மாள் கை நீட்டினாள். "இங்க குடு, நான் ஊத்துதேன்."

"நான்தான் ஊத்தணும் மதினி. வழக்குப் போட்டது நான்."

பேச்சியம்மாளுக்குப் புரியவில்லை. ஆனாலும் கையை மடக்கிக்கொண்டாள். அடுப்படி வாசலில் கோமதி வந்து நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்கா அது?"

"ஆமா."

"நீதானே வேண்டாம்னு சொல்லுவ?"

தனபாக்கியம் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூடியைத் திருகினாள். அந்த வாடை வந்து அறையை அடைத்தது. பல வருஷம் அவள் அவன் சட்டையிலும் தலையணையிலும் கசக்கிப் பிழிந்து போக்கிய வாடை, அந்த வீட்டுக்கு வழி தெரிந்த மாதிரி நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. பாலாடையில் கொஞ்சமாகச் சாய்த்தாள். பொறாமை இன்னும் போகவில்லை. கோயிலுக்குப் போய்ப் பிராதைத் திரும்ப வாங்க இனி நேரம் இல்லை. இங்கேயே இப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"இந்தாங்க" என்றாள் அவன் காதருகே. "வந்திருக்கா. பாத்துட்டுப் போங்க."

உதட்டில் வைத்தாள். உள்ளே போயிற்று. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்து விரிந்தது. சிரிக்கிறானோ என்று குனிந்து பார்த்தாள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. காரம் பட்ட நாக்கு செய்கிற வேலை அது.

எல்லோரும் காத்திருந்தார்கள். பேச்சியம்மாள் தம்பியின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே, சிவசிவா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தரிச்செடிப் பக்கம் காகம் ஒன்று கத்திவிட்டுப் போயிற்று. கோமதி போய் விளக்குக்கு எண்ணெய் விட்டு வந்தாள். மூச்சு வந்தது, போயிற்று. நின்றுவிடும் போல நின்று, அடுத்ததும் வந்தது. நிழல் வாசலிலிருந்து நகர்ந்து படிக்குப் போகும் வரைக்கும் பார்த்தார்கள். பரமசிவம் போகவில்லை.

"இதுவும் இல்லையா?" என்றாள் பேச்சியம்மாள். அவள் குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. "பொறவு எதுக்குய்யா கெடக்கே?"

தனபாக்கியம் பாலாடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சக்களத்தி வந்து, அவன் நாக்கில் உட்கார்ந்து, அவனைக் கூட்டிக்கொண்டு போக முடியாமல் நிற்கிறாள். அவளுக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குஞ்சிதபாதம் கீழ்ப்படியில் குந்தியிருந்தான். எதிர்வீட்டு ருக்குமணியும் இன்னும் இரண்டு பெண்களும் நிலையோரம் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாட்டிலை நிலைப்படி மேல் வைத்தாள்.

"அவரு என்னமோ சொன்னாருன்னீங்களே" என்றாள். "என்ன சொன்னாரு?"

"அது ஒண்ணும் இல்லிங்க அண்ணி."

"சொல்லுங்க."

குஞ்சிதபாதம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பெண்கள் நிற்கிற இடத்தில் அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எதுக்கு இப்படி மோந்துக்கினு மட்டும் போறே, ஒரு மடக்கு போட்டுக்கினு போயேன்னு கேட்டங்க. அதுக்கு அண்ணன் சொன்னாரு, 'குடிச்ச காலத்துல வூட்டுல அவ எனக்கு நேரா மூஞ்சியக் காட்டுனதே இல்லடா. இப்ப தெனம் ஒரு வாட்டி எம் மூஞ்சிகிட்ட வந்து நிக்கிறா. இத்த குடிச்சா அத்த வுடணும்டா'ன்னாரு. சொல்லிட்டு சைக்கிள்ல ஏறிட்டாரு."

ருக்குமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தனபாக்கியம் கீழே வைத்த பாட்டிலையே பார்த்தாள். பிறகு வேலியைப் பார்த்தாள். சைக்கிள் அங்கேதான் சாய்ந்திருந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து யாரும் எடுக்கவில்லை. சீட்டில் கரி படிந்திருந்தது.

மைன்ஸ் பக்கமிருந்து முதல் ஷிப்டு விடுகிற சங்கு கேட்டது. வழக்கமான சத்தம்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிள்களாக வரும். ஒவ்வொன்றாகத் தெருவுக்குள் திரும்பும், ஒவ்வொரு வேலியிலும் சாயும். பாயில் கிடந்தவன் மூச்சில் ஏதோ மாறிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பி உள்ளே போனாள்.

அவன் தலைமாட்டில் மண்டியிட்டாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். குனிந்து, அவன் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். இவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது அவன் மீசையில் நரை இருந்தது. தினமும் பார்த்த முகம்தான். தினமும் கண்ணை மூடிக்கொண்டதால் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

பேச்சியம்மாள் காலைத் தடவுவதை நிறுத்தினாள்.

"ஊதுங்க."

இன்றைக்கு அவள் கண்ணை மூடவில்லை. அவன் நெஞ்சு மெல்ல உயர்ந்தது. வாய் இன்னும் கொஞ்சம் திறந்தது. மூச்சு நீளமாக, கட்டுப்பாடில்லாமல், அவள் நெற்றியிலும் கண்ணிலும் மூக்கிலும் பட்டுப் போயிற்று. சாராயம் இருந்தது. அவள் ஊற்றியதுதான். அதற்கு அடியில் பால், மண், அப்புறம் அவன். வேறு எந்த நாளாக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பாள்.

"சரி" என்றாள்.

முகத்தை எடுக்காமல் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பேச்சியம்மாள் எட்டி வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து பெருங்குரல் எடுக்கப் போனவள், தனபாக்கியம் எழுந்து போவதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

தனபாக்கியம் வாசலுக்குப் போனாள். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ருக்குமணியைத் தோளைத் தொட்டு நகர்த்தினாள். மற்ற இரண்டு பேரும் தாங்களாகவே விலகினார்கள். நிலைப்படியில் இருந்த பாட்டிலை எடுத்துச் சுவரோரம் தள்ளி வைத்தாள். பிறகு வழக்கம்போல நிலைக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி, வழி விட்டு நின்றாள்.